பிக்வண் மாலை: கலைக்கப்பட்ட பறவையும் காத்திருந்து எடுத்த படமும்

குளிர்காலம் தொடங்கியதும் புணே நகரத்துப் பறவை ஆர்வலர்களின் பக்கங்களில் ஒரே வகைப் படம் திரும்பத் திரும்பத் தோன்றும். செம்மஞ்சள் வானம், அதில் பாதி அமிழ்ந்த சூரிய வட்டு, அதன் குறுக்கே கழுத்தும் காலும் நீட்டிச் செல்லும் பூநாரைகளின் கரிய உருக்கள். இவற்றில் பல பிக்வண் நீர்ப்பரப்பில் எடுக்கப்பட்டவை. அழகைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. ஆயினும் அவற்றைப் பார்க்கும்போது எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அப்படம் எடுக்கப்படுவதற்கு ஒரு நிமிடம் முன்பு அப்பறவைகள் என்ன செய்துகொண்டிருந்தன? தாமாக எழுந்தனவா, எழுப்பப்பட்டனவா?

இக்கேள்வியை வெறும் நீதிபோதனையாகக் கொள்ளவேண்டியதில்லை. அந்திவானின் முன் பறவையைக் கரிய உருவாகப் படமெடுக்கும் கலைக்குப் பறவையைக் கலைப்பது தேவையே இல்லை. அது படத்தின் தரத்தையும் தாழ்த்துகிறது. இவ்விரண்டையும் அந்தக் கலையின் உள்ளிருந்தே நிறுவ முடியும். அவ்வாறு நிறுவிய பிறகு, அத்தகைய படம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் இடத்தைப் பற்றி. புணேயிலிருந்து சோலாப்பூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், இந்தாபூர் வட்டத்தில் இருக்கிறது பிக்வண். பீமா ஆற்றின் குறுக்கே சோலாப்பூர் மாவட்டத்தில் 1980இல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையின் பின்னீர் இங்கு வரை பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் நிரம்பும் நீர், குளிர்காலம் முதற்கொண்டு பாசனத்துக்கும் குடிநீருக்கும் திறந்துவிடப்படுவதால் மெல்ல வற்றும். வற்றும்போது கரையோரச் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும். முழங்கால் அளவு நீர் நிற்கும் பரப்பும் விரியும். பூநாரைக்கு வேண்டியது அதுவே. தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் அளைந்து, நுண்ணுயிர்களையும் சிறு நீர்வாழ் உயிர்களையும் வடிகட்டி உண்ணும் பறவை அது. அதனுடன் வரித்தலை வாத்து, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், ஆலா, கடற்காகம் என வலசை வருவனவும் உள்ளூர்ப் பறவைகளும் கூடுகின்றன. கும்பார்காவ், டிக்சல் போன்ற கரையோர ஊர்களின் மீனவர்கள் வலை வீசும் அதே படகுகளில் பார்வையாளர்களையும் ஏற்றிச் செல்கின்றனர்.

மராத்தியில் பூநாரைக்கு 'ரோஹித்' என்றொரு பெயரும் 'அக்னிபங்க்' என்றொரு பெயரும் வழங்குகின்றன. பின்னது 'தீச்சிறகு' என்று பொருள்படும். நிற்கும் பூநாரை பெரும்பாலும் வெளிறிய வெண்மையாகவே தெரியும். சிறகை விரித்த கணத்தில்தான் மேற்சிறகின் செந்நிறமும் பறப்பிறகுகளின் கருமையும் வெளிப்படுகின்றன. இப்பெயரை இட்டவர் பறவையைப் பறக்கக் கண்டவர் என்பதில் ஐயமில்லை. இன்று படகை நேராகக் கூட்டத்தின்மீது செலுத்தச் சொல்பவரின் ஆவலுக்கும் அந்த நிறமே காரணம். எழுந்தால்தான் தீ தெரியும் என்பது அவர் வாதம்.

அந்திப் படத்தில் அவ்வாதமும் நிற்காது. கதிரவனை நோக்கிக் கேமராவைத் திருப்பும்போது பறவையின் ஒளிபடாத பக்கமே படமெடுப்பவரை நோக்கியிருக்கிறது. வானத்தின் பொலிவுக்கேற்ப ஒளியளவு அமைக்கப்படுகிறது. பறவை கரிய வடிவமாகச் சுருங்குகிறது. செந்நிறம், கருஞ்சிறகு, கண், அலகின் நுனி, காலின் வளையம் எல்லாம் மறைகின்றன. நிறத்துக்காகக் கலைத்தேன் என்று சொல்லும் வாய்ப்பை அந்திப் படம் தானே பறித்துவிடுகிறது. அதில் எஞ்சுவது விளிம்புக்கோடு மட்டும்.

விளிம்புக்கோட்டின் வரலாறு சுவையானது. இவ்வகை உருவுக்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் 'சில்லுவெட்' என்னும் சொல், 1759இல் சில மாதங்கள் பிரான்சின் நிதிப்பொறுப்பில் இருந்த எத்தியேன் த சில்லுவெட்டின் பெயரிலிருந்து வந்தது. அவர் வற்புறுத்திய சிக்கனத்தை எள்ளி, மலிவான எதற்கும் அவர் பெயரை இட்டனர். வண்ண ஓவியத்துக்குப் பணமில்லாதவர் கரிய தாளில் வெட்டிக்கொண்ட முகவடிவமும் அப்பெயர் பெற்றது. தமிழ் வேறு வழியில் சென்றது. படத்தையே 'நிழற்படம்' என்று அழைத்தது. பிறகு அது ஒளியால் ஆவதாயிற்றே என்று 'ஒளிப்படம்' என்று திருத்திக்கொண்டது. அந்திப் பறவைப் படத்தில் இவ்விரு பெயர்களும் ஒருங்கே பொருந்துகின்றன. வானம் ஒளி, பறவை நிழல்.

விளிம்பு மட்டும் எஞ்சும் உருவில் அறிவு இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. பறக்கும்போது கொக்கினம் கழுத்தை மடித்துக்கொள்ளும். நாரை, அரிவாள் மூக்கன், பூநாரை ஆகியவை நீட்டிக்கொள்ளும். இவ்வொரு கோட்டைக்கொண்டே அரைக் கிலோமீட்டர் தொலைவில் இனத்தைப் பிரித்தறியலாம். பருந்தின் வாலில் பிளவு உண்டா, கழுகின் சிறகு நுனி விரல்களாகப் பிரிகிறதா என்பவையும் பின்னொளியில் தெளிவாகத் தெரியும். இறகுதிர்ப்புக் காலத்தில் சிறகில் விழும் இடைவெளிகளை முன்னொளியைக் காட்டிலும் வானத்தின் முன்னிலையில் எளிதாகக் காணலாம். எந்தப் பறப்பிறகு உதிர்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பறவையின் வயதைக் கணிக்க முயலும் ஆய்வாளருக்கு நல்ல விளிம்புக்கோடு ஓர் ஆவணம்.

பறப்பைப் பற்றிய ஒளிப்பட ஆய்வே இவ்வாறுதான் தொடங்கிற்று. பிரெஞ்சு உடலியங்கியலாளர் எத்தியேன்-ழூல் மாரே 1882இல் நொடிக்கு 12 படங்கள் எடுக்கும் கருவியொன்றை அமைத்துப் பறவைகளின் சிறகசைவைப் பதிவுசெய்தார். வெளிறிய வானத்தின் முன் சிறிய கரிய உருக்களாகவே பறவைகள் அதில் பதிந்தன. அக்கருவி குழலும் விசையும் கொண்டு துப்பாக்கி வடிவில் இருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். வேட்டையின் உடல்மொழி ஒளிப்படத்துக்குள் அன்றே நுழைந்துவிட்டது.

விளங்கியல் வரலாற்றில் புகழ்பெற்ற இன்னொரு கரிய உருவும் உண்டு. 1937இல் கொன்ராட் லோரன்சும் நிகோ டின்பெர்கனும் அட்டையில் வெட்டிய ஒரு பறவை வடிவத்தைக் குஞ்சுகளின் தலைக்குமேல் நகர்த்தினர். ஒரு திசையில் நகர்ந்தால் அது நீண்ட கழுத்துடைய வாத்து. எதிர்த்திசையில் நகர்ந்தால் நீண்ட வாலுடைய வல்லூறு. வல்லூறாகத் தெரிந்த திசையில் நகர்ந்தபோது குஞ்சுகள் அஞ்சின என்பது முதல் விளக்கம். 1961இல் வொல்ஃப்காங் ஷ்லைட் வான்கோழிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு அதைத் திருத்திற்று. எந்த உரு அடிக்கடி தென்படுகிறதோ அதற்குப் பறவை பழகிவிடும். அரிதாகத் தென்படுவதே அச்சமூட்டும் என்பது அதன் சாரம். பிக்வண் படகுகளைப் புரிந்துகொள்ள இம்முடிவு உதவும். நாள்தோறும் தன் வழியில் செல்லும் மீன்படகைப் பறவைகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. திசை மாற்றி, நேராகத் தம்மை நோக்கி வரும் படகு அவற்றுக்கு வேறு உரு.

அந்திப் படமெடுப்பில் ஒரு சமனின்மையும் இருக்கிறது. படமெடுப்பவர் மேற்கு நோக்கி நிற்கிறார். பறவை அவருக்கும் கதிரவனுக்கும் இடையில் இருக்கிறது. அவருக்குப் பறவை வெறும் கரிய வடிவம். பறவைக்கோ அவர் தாழ்ந்த கதிரின் முழு வெளிச்சத்தில், முகமும் கையும் கருவியும் துலங்க நிற்கும் உருவம். தாம் மறைந்திருப்பதாக அவர் எண்ணிக்கொள்ளும் நேரமே, அவர் மிகத் தெளிவாகத் தெரியும் நேரம்.

இனிக் கலைப்பதன் விலை. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழ முடியாது. நீரின்மேல் பல அடிகள் ஓடி, சிறகடித்து, வேகம் பெற்றே எழும்பும். பறத்தலில் மிகுந்த ஆற்றலை உறிஞ்சும் கட்டம் இந்த எழும்பல். வலசைப் பறவைக்குக் குளிர்காலம் என்பது திரும்பும் பயணத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம். ஒவ்வொரு கலைப்பும் சேமிப்பைக் குறைக்கிறது. உண்ணும் நேரத்தையும் பறிக்கிறது. மாலையில் கலைப்பது மேலும் தீங்கானது. இருட்டு நெருங்கும்போது எழுப்பப்பட்ட கூட்டம் புதிய இடம் தேடி மங்கலில் பறக்கவேண்டும். தாழ்ந்த வெளிச்சத்தில் பறக்கும் பூநாரைகளுக்கு மின்கம்பிகள் எமனாவது குஜராத்தில் பதிவாகியிருக்கிறது. 2024 மே மாதம் ஓர் இரவு மும்பையில் தரையிறங்கவந்த விமானம் பூநாரைக் கூட்டத்தின்மீது மோதியதில் 30க்கும் மேற்பட்டவை மாண்டன. அவ்விபத்துக்குப் படமெடுப்பவர் எவரும் காரணமல்லர். ஆனால் இருளில் வானில் இருப்பது இப்பறவைக்கு எவ்வளவு இடர் நிறைந்தது என்பதற்கு அது சான்று.

சட்டம் இதைப் பற்றிச் சொல்வது பலருக்கு வியப்பளிக்கும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்னும் சொல்லுக்கு 2ஆம் பிரிவின் 16ஆம் உட்பிரிவு தரும் விளக்கம் கொல்வதோடு நிற்பதில்லை. காட்டுயிரைத் துரத்துவதும், கலைத்து ஓட்டுவதும், இரை காட்டி ஈர்ப்பதும், அவற்றுக்கான முயற்சியும்கூட அவ்விளக்கத்துள் அடங்குகின்றன. ஒரு படகோட்டத்தின்மீது வழக்குத் தொடரப்படுமா என்பது வேறு கேள்வி. ஆனால் கூட்டத்தின்மீது படகைச் செலுத்தி எழுப்புவதற்கும், தீனி எறிந்து கடற்காகங்களைப் படகைச் சுற்றவைப்பதற்கும் சட்டத்தின் சொல்லகராதியில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. மாரேயின் துப்பாக்கி வடிவம் தற்செயலாக இருக்கலாம். இந்தப் பெயர் தற்செயலானதன்று.

இங்கே படகோட்டியின்மீது பழிபோடுவது எளிது, நேர்மையன்று. அவர் வருவாய், வந்தவர் மகிழ்ச்சியுடன் திரும்புவதைப் பொறுத்தது. 'இன்னும் கொஞ்சம் கிட்டே' என்று சொல்பவர் நகரத்திலிருந்து வந்தவர். அவர் கையில் சில லட்சம் ரூபாய் மதிப்புள்ள லென்ஸ் இருக்கிறது. மறுநாள் பதிவேற்றவேண்டிய அவசரமும் இருக்கிறது. தொலைவிலிருந்து எடுப்பதற்காகவே செய்யப்பட்ட லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டே போகச் சொல்வதன் முரண் அவருக்குத் தோன்றுவதில்லை. அதே நீரில் நாள்தோறும் உழலும் மீனவருக்கோ எந்தத் திட்டில் எந்தப் பறவை எப்போது இறங்கும் என்பது தெரியும். அந்த அறிவுக்குக் கூலி கொடுக்காமல், எரிபொருளுக்கும் வேகத்துக்கும் மட்டும் கூலி கொடுக்கும் ஏற்பாட்டில்தான் பிழை இருக்கிறது.

'ஒருமுறை எழுப்பினால் என்ன கெட்டுவிடும்?' என்று கேட்பவர் உண்டு. ஒருமுறைதான் எழுப்பினோம் என்பது ஒவ்வொரு படகுக்கும் உண்மையாக இருக்கலாம். பத்துப் படகுகள் வந்த மாலையில் அதே கூட்டம் பத்துமுறை எழுகிறது. தனிமனிதர் கணக்கில் ஒன்றாகத் தெரிவது பறவையின் கணக்கில் பத்து. பொதுவளம் அழியும் வழி எங்கும் இதுவே.

இன்னொரு வாதமும் வலுவுடன் முன்வைக்கப்படுகிறது. இத்தகைய படங்களே மக்களைப் பறவைகளிடம் அழைத்துவருகின்றன. பார்த்தவர் நேசிப்பார், நேசிப்பவர் காப்பார் என்பது அது. இதில் உண்மை உண்டு. பிக்வணுக்குப் பெயர் வந்ததும், கரையோர ஊர்களுக்கு ஒரு புதிய வருவாய் பிறந்ததும் படங்களால்தான். ஆனால் எந்தப் படம் எத்தகைய நேசத்தை வளர்க்கிறது என்பதும் ஆராயத்தக்கது. கலைத்து எடுத்த படம், தன்னைப் பார்த்துவிட்டு வருபவரிடமும் அதே காட்சியைக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் படகில் ஏறி அமர்ந்ததும் 'அவை பறக்கவில்லையே' என்கிறார். படம் தன் நிழலில் ஒரு சந்தையை உருவாக்கிவிடுகிறது.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. அவர்களைப் பறவைகளிடம் அழைத்துவந்தது எந்தப் படமும் அன்று. அண்டைவீட்டாரோடு வாழும் பழக்கமே அவர்களுக்கு அதைக் கற்பித்தது. படங்களால் பறவைகளிடம் வந்துசேர்பவர்கள் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றால்தான் வாதம் முழுமைபெறும்.

கலைப்பது அறத்துக்கு மட்டும் ஒவ்வாததன்று, கலைக்கும் ஒவ்வாதது. கலைக்கப்பட்ட பறவை, தன்னைக் கலைத்தவரிடமிருந்து விலகிப் பறக்கும். அதாவது கேமராவுக்கு முதுகையும் வாலையும் காட்டும். விளிம்புக்கோடே எல்லாமாக இருக்கும் படத்தில் பின்புறத் தோற்றம் எதையும் சொல்லாது. கழுத்தும் அலகும் காலும் உடலோடு ஒட்டி ஒரு கருப்பு முடிச்சாகிவிடும். மேலும் அஞ்சி எழும் கூட்டம் நெருங்கிக் குவியும். ஒன்றின் சிறகு மற்றொன்றின் கழுத்தை வெட்டும். உருக்கள் ஒன்றோடொன்று கலந்து மை கொட்டியதுபோல் ஆகும். இதற்கு மாறாக, மாலையில் தாமாக இடம்பெயரும் பறவைகள் வரிசையில், இடைவெளி விட்டு, படமெடுப்பவரின் குறுக்கே செல்கின்றன. பக்கத்தோற்றமும் இடைவெளியும் கிடைப்பது அவற்றிடம்தான். எந்த அழகுக்காகக் கலைக்கிறார்களோ, அந்த அழகைக் கலைப்பே கெடுக்கிறது.

தாமாகப் பறப்பது அரிய நிகழ்வும் அன்று. கொக்கு, நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரும்பருந்து, குளிர்காலத்தில் தக்காணத்துக்கு வரும் சூறைக்குருவி ஆகியவை ஒவ்வொரு மாலையும் தங்குமிடம் திரும்புகின்றன. பகலில் மேய்ந்த இடத்துக்கும் இரவில் அடையும் மரத்துக்கும் இடையிலான வழி பெரும்பாலும் நாள்தோறும் மாறுவதில்லை. அவ்வழியைச் சில மாலைகள் கவனித்தால் போதும். கதிரவன் விழும் புள்ளியை மட்டும் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். புணேயின் குறுக்குக்கோட்டில் டிசம்பர் இறுதியில் அது நேர் மேற்குக்கு ஏறத்தாழ 25 பாகை தெற்கே விழும். மார்ச் 20 அளவில் நேர் மேற்கில் விழும். பறவைகளின் வழியும் அப்புள்ளியும் ஒரு நேர்க்கோட்டில் வரும் இடத்தைத் தேர்ந்து, கரையில் அமர்ந்து காத்திருப்பதே இக்கலையின் பெரும்பகுதி. மற்றவை எளியவை. வானத்தைக்கொண்டு ஒளியை அளப்பது, ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் வைப்பது, சிறகு முழுதும் உயர்ந்த அல்லது முழுதும் தாழ்ந்த நிலையைப் பிடிப்பது ஆகியவற்றை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். கதிரவன் நன்கு மங்கும்வரை ஒளியியல் காட்சித்துளை வழியே நீண்ட லென்ஸில் அதை நேராகப் பார்க்கக்கூடாது, கண்ணுக்குக் கேடு.

நேரமும் குறைவு. இந்த அட்சரேகையில் கதிரவன் செங்குத்துக்கு அருகிலான கோணத்தில் இறங்குவதால், வட்டின் அடி அடிவானைத் தொட்டதிலிருந்து முழுதும் மறைய இரண்டரை நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அதன்பின் கிடைக்கும் அந்தியொளியும் 22 முதல் 24 நிமிடங்களே. வடதுருவத்தை நெருங்கிய நாடுகளில் மணிக்கணக்கில் நீளும் அந்தி இங்கே இல்லை. இக்குறுகிய நேரமே பலரை அவசரத்துக்கு உந்துகிறது. ஆனால் இன்றைய அந்தி தவறினால் நாளையும் ஓர் அந்தி உண்டு. பறவையிடம் அந்த அவசரத்தைச் சுமத்த நியாயமில்லை.

மா. கிருஷ்ணன் (1912–1996) தம் வாழ்நாள் முழுதும் கருப்பு-வெள்ளையில்தான் காட்டுயிர்களைப் படமெடுத்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரிட்டிருந்தார். இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் அதன் வேகம் ஒன்றுமில்லை. அவர் படங்கள் நிலைத்தது விலங்கின் நடத்தையை அறிந்திருந்ததால். அவர் எழுதியவையும் எடுத்தவையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இன்று கருவி பெருகியிருக்கிறது. படத்தோடு வரும் எழுத்து ஒரு சொல்லாகச் சுருங்கியிருக்கிறது.

அந்தச் சுருக்கத்தில் மறைவது பறவையின் அச்சம் மட்டுமன்று, ஆறும் மறைகிறது. புணே நகரில் முளாவும் முட்டாவும் சேர்கின்றன. சேர்ந்த ஆறு நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து சென்று பீமாவில் கலக்கிறது. அந்தப் பீமாவின் நீர்தான் உஜனியில் தேங்குகிறது. அணையைக் கடந்து பண்டரிபுரத்துப் படித்துறைகளைத் தொடுகிறது. பிக்வணில் பொன்னாகப் பளபளக்கும் நீரில் புணேயின் சாக்கடைக்கும் பங்குண்டு. நகரத்துக்குக் கிழக்கே கவடி பாட் தடுப்பணையில் பிளாஸ்டிக் குப்பை வந்து தேங்குவதைக் காணலாம். அங்கும் பறவை ஆர்வலர்கள் கூடுகின்றனர். இரவில் இணையைப் பிரிந்து வருந்துவதாகக் கவிமரபு சொல்லும் சக்கரவாகம் குளிர்காலத்தில் அங்கே வந்திறங்குகிறது. மாலை ஆறு மணிக்கு மேற்கு நோக்கி எடுத்த படத்தில் அக்குப்பையும் நுரையும் தெரியா. கருநீர் தங்கமாகிவிடும். பின்னொளியின் பெருந்திறமை அது.

வானத்தின் நிறத்துக்கும் இதே கதை. காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிதறடித்து எஞ்சவிடும் சிவப்பே அந்தியின் இயல்பான நிறம். தரையை ஒட்டித் தேங்கும் புகையும் தூசும் அந்நிறத்தைத் தூய்மையாக்குவதில்லை; மங்கவைக்கின்றன. கண் கூசாமல் பார்க்கக்கூடிய, அடிவானுக்கு மேலேயே மங்கிச் சிவக்கும் கதிரவன் வட்டு படத்துக்கு வசதியானது, மூச்சுக்கு வசதியானதன்று. புணேயின் பாஷாணில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நகரக் காற்றின் தரத்தை அளந்து வெளியிடுகிறது. ஓர் அந்திப் படத்தின் கீழ் அன்றைய அளவையும் ஒருவர் குறித்தால், அப்படம் உடனே இருமடங்கு பேசும்.

நகரத்துக்குள் இதன் அரசியல் வெளிப்படையானது. 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் முளா, முட்டா, முளா-முட்டா ஆறுகளின் 44 கிலோமீட்டர் நீளத்தைத் தழுவுகிறது. எரவாடாவுக்கு அருகே சாலிம் அலியின் பெயரால் அறியப்படும் பறவைப் புகலிடமும் அக்கரையில்தான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் கரைமரங்களைக் காக்கக் கோரி நகர மக்கள் பெருந்திரளாக ஊர்வலம் சென்றனர். பறவை மாலையில் அடைவது அம்மரங்களில். கரிய உருவாகப் பறக்கும் பறவையின் படத்துக்கு ஆயிரம் விருப்பக்குறிகள் விழும் நகரத்தில், அப்பறவை இறங்கவேண்டிய மரம் எது என்ற கேள்விக்குச் சிலரே மறுமொழி தேடுகின்றனர். பறவை எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது படத்தின் சட்டத்துக்கு வெளியே விடப்படுகிறது.

ஆகவே வேண்டுவது படமெடுப்பதை நிறுத்துவதன்று; படத்தோடு சொல்லைச் சேர்ப்பது. அந்திப் பறவைப் படம் ஒவ்வொன்றின் கீழும் ஐந்து செய்திகள் இருக்கலாம்: நாளும் நேரமும், இடம், எத்தனை பறவைகள், எத்திசையிலிருந்து எத்திசைக்கு, பறப்பு எவ்வாறு தொடங்கிற்று. ஐந்தாவது செய்தியே முதன்மையானது. 'தாமாக அடையச் சென்றன' என்றோ 'படகு நெருங்கியதால் எழுந்தன' என்றோ எழுதவேண்டியிருந்தால், பலர் இரண்டாவதை எழுத நாணுவர். நாணுவதைச் செய்யவும் தயங்குவர். இடத்தை மட்டும், கூடுகட்டும் காலத்திலும் அரிய இனங்களிலும், பொத்தாம் பொதுவாகக் குறிப்பது நலம்.

இது ஆய்வுக்கும் பயன்படும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்களைக்கொண்டு நடைபெறுகிறது. ஆனால் மாலைதோறும் தங்குமிடம் திரும்பும் பறவைகளின் எண்ணிக்கையை ஆண்டு முழுதும் எண்ணுவோர் குறைவு. கரிய உருக்களின் வரிசை, எண்ணுவதற்கு மிக எளிய படம். ஒரே கரையில், ஒரே திசை நோக்கி, ஐந்தாண்டுகள் எடுத்த அந்திப் படங்கள் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தால், ஓர் அடைவிடம் தேய்வதையோ இடம்பெயர்வதையோ அவை காட்டிவிடும். ஆற்றங்கரை மரம் வெட்டப்படுவதற்கு முன்னும் பின்னும் என்ன நேர்ந்தது என்பதற்கு அறிக்கைகளைவிட உறுதியான சான்றாகவும் அவை அமையும்.

கல்வி நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. துறைகளின் ஒளிப்படப் போட்டிகள், கருத்தரங்கச் சுவரொட்டிகள், ஆண்டுமலர் அட்டைகள் ஆகியவை அந்திப் பறவையை அலங்காரமாகப் பயன்படுத்துகின்றன. படத்தைத் தேர்ந்தெடுக்கும் குழு, அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்பதை விதியாக்கலாம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டின் முதற்பரிசுப் படம், அதிலிருந்த ஓநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்ற முடிவால் 2010 ஜனவரியில் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அழகு குறைந்ததால் அப்படம் நீக்கப்படவில்லை. பார்ப்பவருக்குத் தந்த வாக்கு மீறப்பட்டதால் நீக்கப்பட்டது. ஆய்வேட்டில் தரவு எவ்வாறு திரட்டப்பட்டது என்று கேட்கும் அவை, தன் சுவரில் மாட்டும் படத்திடமும் அதையே கேட்பதில் தவறில்லை.

பிக்வணில் படகுக்கூலி கொடுக்கும் ஒவ்வொருவரும் ஏறுமுன் ஒரு சொல் சொல்லலாம்: 'பறவை எழுந்தால் திரும்பிவிடலாம்.' கூலி குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதன்பின் எஞ்சின் அணையும், படகு நிற்கும், காத்திருப்பு தொடங்கும். சில மாலைகளில் ஒன்றும் கிடைக்காது. வேறு சில மாலைகளில், தொலைவில் தலைகவிழ்த்து மேயும் கூட்டம் இருள் பரவும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். படம் கிடைக்காத அம்மாலையில் பூநாரைக்குத் தன் உணவு முழுமையாகக் கிடைத்திருக்கும். அதையும் ஒரு நல்ல மாலை என்று எண்ணக் கற்றவர் எடுக்கும் படத்தையே நம்பிப் பார்க்கலாம்.